எத்தனை மணிக்கு அடிபட்டது?

புதுச்சேரி வானொலி நேயர்களுக்கு வணக்கம். கடலூரில் அவசர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்க்கும் மருத்துவன் நான். இன்று போர்க்களத்து மருந்து ஒன்றைப் பற்றிப் பேசப்போகிறேன். கடலூரில் ஏது போர்க்களம் என்று நினைக்க வேண்டாம். குண்டடிபட்ட சிப்பாயானாலும், விசைப்படகில் வலை இழுக்கும் வின்ச்சில் கை சிக்கியவரானாலும், உயிரைக் குடிப்பது ரத்தப்போக்குதான்.

ஈராக் போரில் அமெரிக்க ராணுவம் ரத்தத்தை உறையவைக்கும் ஃபேக்டர் ஏழு என்ற மருந்தை நம்பியது. ஒரு டோஸுக்கே பல ஆயிரம் டாலர். ஆனால் அது சாவைக் குறைத்ததாக ஆய்வில் நிரூபணமாகவில்லை. கைகொடுத்தது டிரனெக்ஸாமிக் ஆசிட். மாதவிடாயில் ரத்தம் அதிகம் போகும் பெண்களுக்கு மாத்திரையாகத் தருகிறோமே, அதேதான். ஊசியாக இரண்டு கிராம் போட்டாலும் சில நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். கண்டுபிடித்தவர்கள் ஜப்பானின் உடாகோ ஒகாமோட்டோவும் அவர் கணவர் ஷோசுகேயும். கைக்குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு ஆய்வகத்தில் நின்ற அந்த அம்மாவை நினைத்தால் எனக்கு இன்றும் நெஞ்சு நிறைகிறது.

காயத்தில் ரத்தம் உறைவது வலை பின்னுவது மாதிரி. பலத்த அடிபட்டால் உடம்பே அந்த வலையை வேகமாக அறுக்கத் தொடங்கிவிடும். இந்த மருந்து அறுப்பதைத் தடுக்கிறது. 2010-ல் வெளியான க்ராஷ்-2 ஆய்வில், 40 நாடுகளில் 20,000-க்கும் மேற்பட்டோரிடம் சோதித்துப் பலனை உறுதி செய்தார்கள். ஆனால் நேரம் முக்கியம். முதல் ஒரு மணி நேரத்தில் போட்டால் பலன் மிக அதிகம். மூன்று மணி நேரம் தாண்டினால் கெடுதலே வரலாம்.

நம்மூரில் கூடை கூடையாகக் கொட்டுகிற இறால் ஓட்டிலிருந்து எடுக்கும், ரத்தப்போக்கை நிறுத்த உதவும் கைட்டோசான் என்ற பொருளைத் தடவிய கட்டுத்துணியையும் ராணுவங்கள் பயன்படுத்துகின்றன. அது கிடைக்கும்வரை சுத்தமான துணியை வைத்து அழுத்துங்கள். நின்றுவிட்டதா என்று தூக்கித் தூக்கிப் பார்க்காதீர்கள்.

எப்போது அடிபட்டது என்று கேட்டால், "இப்பதான் சார்" என்பார்கள். அந்த "இப்பதான்" சில சமயம் நான்கு மணி நேரம்! ஒருநாள் துறைமுகத்திலிருந்து தொடை கிழிந்த பையன் ஒருவனைத் தூக்கிவந்தார்கள். கூட வந்த பெரியவர் துண்டை அழுத்திய கையை எடுக்கவே இல்லை. கேட்டதும் சொன்னார்: "மீன் ஏலம் முடிஞ்சு ஐஸ் வண்டி வந்த நேரம் சார், ஆறேகால்." சுவர்க் கடிகாரத்தில் ஏழு பத்து. அந்த நிமிடமே ஊசியைப் போட்டோம்.