முதல் வார்த்தையை ஊர்க்காரர்தான் பேச வேண்டும்

(மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை கோயில் மண்டபத்தில் பேசியது. சிலர் எழுத்தில் கேட்டதால், பேசிய வாக்கிலேயே தருகிறேன்.)

எல்லாருக்கும் வணக்கம். பின்னால் நிற்கிற தம்பிமார்கள் முன்னால் வரலாம், முதல் வரிசை வழக்கம்போல் காலியாகத்தான் இருக்கிறது. தலைவர் நீளமாக அறிமுகம் செய்துவிட்டதால் என்னைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரசராக, அதாவது மருத்துவ உதவியாளராக இருந்து, அப்புறம் அரசாங்கக் கிளினிக்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். இந்த மண்டபத்தில் பாதிப் பேருக்கு நான் ஊசி போட்டிருப்பேன், அதனால் பேச்சு அங்கங்கே குத்தினாலும் பொறுத்துக்கொள்வீர்கள் என்று நம்புகிறேன்.

தெரியாதவர்களோடு பேசிப் பழகுவதைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். இந்தத் தலைப்பில் மேடை ஏறிய தமிழர் யாரும் அந்தப் புறநானூற்று வரியைச் சொல்லாமல் இறங்கியதில்லை. நான் சொல்லப் போவதில்லை. அது நம் பள்ளிச் சுவரில் இருக்கிறது, மண்டபத்து வாசலில் இருக்கிறது, போன வருஷம் புதுப் பெயிண்டும் அடித்தார்கள். சுவரில் எழுதியதோடு வேலை முடிந்தது என்று விட்டுவிட்டோமோ என்பதுதான் என் சந்தேகம்.

உடனே கோபம் வரும். நாம் பேசாத ஆளா? ஈப்போ பஸ் நிலையத்தில் ஒரு தமிழ் முகத்தைப் பார்த்துவிட்டால் போதும், எந்த ஊர், எந்தத் தோட்டம், அங்கே ஆபீஸ் குமாஸ்தா பெரிய கிராணி யார், அவர் மகளை எங்கே கொடுத்தார்கள் என்று நூல் பிடித்துப் போய், பஸ் வருவதற்குள் ஒரு சித்தப்பா முறை கண்டுபிடித்துவிடுவோம். உண்மைதான். ஆனால் அந்தப் பேச்சு தமிழ் முகத்தோடு நின்றுவிடுகிறது. அதிலும் ஒரு வில்லங்கம் இருக்கிறது, பெரியவர்கள் வருத்தப்படக் கூடாது: இந்தியாவில் உங்களுக்கு எந்த ஊர் என்று கேட்டுவிட்டு அப்படியே உங்க ஆளுங்க யாரு என்று வளைத்துக் கேட்கிறோமே, அது பழகுவதற்குக் கேட்கிற கேள்வி இல்லை. எங்கே உட்கார வைக்கலாம் என்று அளந்து பார்க்கிற கேள்வி.

சரி, இந்தப் பேச்சுத் திறமை நமக்கு எங்கிருந்து வந்தது? நம் தாத்தா பாட்டிமார் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறும்போது பக்கத்தில் படுத்திருந்தவர் யார் என்றே தெரியாது. 1926-இல் கட்டிய ரஜூலா கப்பலை இங்கே எத்தனையோ வீடுகளில் இன்னும் பெயர் சொல்லிப் பேசுகிறார்கள், அந்த மாதிரிக் கப்பல்களில் மேல்தளத்தில் படுத்துவருகிற தட்டுப் பயணிகளாக வந்து, பினாங்குக்குப் போனவர்கள் பலர் ஜெரெஜாக் தீவில் நோய்த்தடுப்பு முகாமில் கிடந்து, அப்புறம் ஏதோ ஒரு தோட்டத்தில் இறக்கிவிடப்பட்டு, ஒரே பலகைச் சுவருக்கு இந்தப் பக்கம் ஒரு குடும்பம் அந்தப் பக்கம் ஒரு குடும்பம் என்று லயத்தில், அந்த வரிசை வீடுகளில் குடியேறினார்கள். பலகைக்கு அந்தப் பக்கம் குழந்தை அழுதால் இந்தப் பக்கம் தூக்கம் கிடையாது. விடியுமுன் பெயர் கூப்பிடுகிற பெரட்டுக் களத்தில் வரிசையில் நிற்க வேண்டும், தண்ணீர்ப் பைப்படியில் வாளி வைத்துக் காத்திருக்க வேண்டும், பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட வேண்டும். பேசாமல் எப்படி இருக்க முடியும்? ஒரே தலைமுறையில் மாமன் மச்சான் ஆகிவிட்டார்கள். ஆள் சேர்த்து வேலை வாங்குகிற கங்காணி ஒரே ஊரிலிருந்து ஆள் திரட்டி வந்ததும் உண்டு, சாதி பார்த்து லயத்தைப் பிரித்ததும் உண்டு, எல்லாம் பாலும் தேனுமாக ஓடவில்லை. ஆனாலும் அந்த வாழ்க்கையே ஆட்களைப் பேச வைத்தது, யாரும் சொற்பொழிவு நடத்த வேண்டியிருக்கவில்லை.

தெரியாத முகத்தைக் கண்டு பயப்படவும் நம் ஊருக்குக் காரணம் இருந்தது. 1948 ஜூன் 16-ஆம் தேதி இந்தப் பக்கத்துத் தோட்டங்களில் தோட்டம் நடத்திய மூன்று வெள்ளைக்காரத் துரைகளைக் கம்யூனிஸ்டுகள் சுட்டுக் கொன்றார்கள், அதை ஒட்டித்தான் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது, அடையாள அட்டை வந்ததும் அந்த வருஷம்தான். அப்புறம் 1960 வரைக்கும் முள்வேலி, ஊரடங்கு, அரிசிக்குக் கட்டுப்பாடு. அந்தக் காலத்துத் தாய்மார்கள் வெளியாளிடம் வாய் கொடுக்காதே என்று பிள்ளைகளுக்குச் சொன்னார்கள் என்றால், அவர்கள் பார்த்தது அப்படி. நம்மில் பலர் காரணம் போன பிறகும் அந்தப் பயத்தை மட்டும் சொத்தாக வைத்திருக்கிறோம்.

அதே 1960-இல்தான் இந்த ஊரில் பிறந்த, அப்போது அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றுக்கொண்டிருந்தார்கள், வாங்கியவர்கள் துண்டு துண்டாகப் பிரித்து விற்றார்கள், தொழிலாளி நடுத்தெருவில். தோட்டம் தோட்டமாகப் போய், மாசம் பத்து வெள்ளி (அன்றைய டாலர்) போடுங்கள், நூறு வெள்ளி சேர்ந்தால் ஒரு பங்கு, நாமே தோட்டம் வாங்கலாம் என்று சொன்னார். யோசித்துப் பாருங்கள், பேராக்கில் ரப்பர் பால் வெட்டியவரும் ஜொகூரில் பால் வெட்டியவரும் ஒருவரை ஒருவர் பார்த்ததே கிடையாது. முகம் தெரியாத ஆளை நம்பி, அன்றைய கூலியில் பத்து வெள்ளியை எடுத்துக் கொடுப்பது சின்ன விஷயமா? அடுத்த வருஷமே கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டத்தை வாங்கினார்கள். நோட்டீஸ் ஒட்டி மட்டும் இது நடந்திருக்காது. ஆள் நேரில் வந்தார், பேசினார், கேள்வி கேட்டவர்களுக்குப் பதில் சொன்னார்.

இன்றைக்கு என்ன நிலைமை? நாம் தோட்டத்தை விட்டு வந்து தாமானில், புதுக் குடியிருப்புகளில் இருக்கிறோம். கிரில் கதவு, பூட்டு, உள்ளே தொலைக்காட்சி. பிள்ளைகள் கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும். பலகைச் சுவர் இருந்தவரை பக்கத்து வீட்டுச் சண்டைகூட நமக்குத் தெரியும், இப்போது பக்கத்து வீட்டில் ஒருவர் விழுந்து கிடந்தாலும் தெரியாது. உலகச் சுகாதார நிறுவனம் 2025-இல் ஓர் அறிக்கை வெளியிட்டது, உலகத்தில் ஆறு பேரில் ஒருவர் தனிமையில் வாடுகிறார் என்று. எனக்கு அது புதுச் செய்தி இல்லை. இரத்த அழுத்தம் சரியாக இருந்தும் ‘எதுக்கும் ஒரு தடவை பாருங்க ஐயா’ என்று கிளினிக்குக்கு வருகிற பெரியவர்களை எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் மருந்துக்கா வந்தார்கள்?

நாம் விட்டு வந்த லயத்தில், சில இடங்களில் நாம் பிறந்த அதே வீட்டில், இப்போது வங்காளதேசத்துக்காரர், நேப்பாளி, இந்தோனேசியர் இருக்கிறார்கள். பாசார் மாலாம் என்கிற இரவுச் சந்தையில் நம்மை உரசிக்கொண்டு போகிறார்கள். ஒருவர் பெயராவது நமக்குத் தெரியுமா? ‘பங்களா’ என்று ஒரு சொல், அதோடு சரி. நம்மையும் அப்படி ஒரே சொல்லில் கூப்பிட்டார்கள். அந்தச் சொல்லை இந்த மேடையில் சொல்ல வேண்டியதில்லை, கேட்ட காது எல்லாருக்கும் இருக்கிறது.

அவர்களே வந்து பேசட்டுமே என்பீர்கள். மாட்டார்கள். மொழி வராது, வேலை பெர்மிட் பயம், முதலாளி பயம், போலீஸ் தடுத்தால் என்ன ஆகுமோ என்கிற பயம். புதிதாக வந்தவர் வாய் திறக்க ஆயிரம் யோசிப்பார், ஊர்க்காரருக்கு அந்த யோசனை கிடையாது. அதனால் முதல் வார்த்தை நம்முடையதாக இருக்க வேண்டும். இன்றைக்கு நான் சொல்ல வந்தது இவ்வளவுதான், மிச்சமெல்லாம் இதற்கு விளக்கம்.

கிளினிக்கில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். திங்கட்கிழமைக் கூட்டம். நம் பாட்டி ஒருவர், சர்க்கரை நோய்க்கு மாதாமாதம் வருகிறவர், நம்பர் சீட்டைச் சேலை முந்தியில் முடிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்து நாற்காலி காலி. எதிரே வங்காளதேசத்துப் பையன் ஒருவன், வலது கையில் பழைய துணி சுற்றியிருக்கிறது, செம்பனை முள் ஏறி மணிக்கட்டு வரை வீங்கிக் கிடக்கிறது, உட்காரவும் தயங்கி நிற்கிறான். பாட்டி நாற்காலியைத் தட்டி, மலாயில் ‘டுடுக், டுடுக்’, உட்காரு என்றார். உட்கார்ந்தான். ‘சூடா மாக்கான்?’ என்றார், பசியாறியாச்சா என்று நம் பிள்ளையைக் கேட்கிற மாதிரி. அப்புறம் எந்தத் தோட்டம் என்று கேட்டார். அவன் சொன்ன பெயர் பாட்டி பிறந்து வளர்ந்த தோட்டம்! அவ்வளவுதான், பிடித்துக்கொண்டார். கோயில் பக்கத்து மாமரம் இருக்கிறதா, வெட்டிவிட்டார்களா என்று பாதி மலாய், பாதித் தமிழ். பையன் இடது கையால் போனை எடுத்துத் தேடி ஒரு படத்தைக் காட்டினான், கூட்டாளிகளோடு எடுத்தது, பின்னால் அந்த மரம். பாட்டி போனைக் கண்ணுக்குக் கிட்டே வைத்து, அதில் எந்தக் கிளையில் ஏறி விழுந்து தன் அண்ணனுக்குக் கை முறிந்தது என்று விரலால் காட்டிக்கொண்டிருக்கும்போது அவர் நம்பர் கூப்பிட்டுப் போய்விட்டது, தாதி மறுபடி கூப்பிட வேண்டியதாயிற்று.

அந்தப் பையன் கட்டுப் போட என்னிடம் வந்தபோது, முள் எப்போது ஏறியது என்று கேட்டேன். முன்னால் கவுண்டரில் நேற்று என்று சொல்லியிருந்தான். இப்போது கொஞ்சம் யோசித்துவிட்டு, போன வாரம் என்றான். கிளினிக்கில் நமக்கு ஒரு வெள்ளி (ரிங்கிட்), அவர்களுக்குக் கட்டணம் பல மடங்கு, அதனால் நாள் கடத்தியிருக்கிறான், திட்டுவார்களோ என்று மறைத்திருக்கிறான். நேற்று ஏறிய முள்ளும் போன வாரம் ஏறிய முள்ளும் வைத்தியத்தில் ஒன்றல்ல. அந்த நாற்காலியில் ஒரு பத்து நிமிஷம் யாரோ மனிதனாக மதித்துப் பேசியதால்தான் அவனுக்கு உண்மை சொல்லத் துணிச்சல் வந்தது என்று நான் நினைக்கிறேன். போகும்போது, அந்த ‘நானி’ யார் என்று கேட்டான். அவர்கள் ஊரில் அம்மாவின் அம்மாவை அப்படித்தான் கூப்பிடுவார்களாம்.

படித்தவர்களும் இதை ஆராய்ந்திருக்கிறார்கள். சிக்காகோவில் தினமும் ரயிலில் வேலைக்குப் போகிறவர்களை வைத்து ஓர் ஆய்வு, 2014-இல் வெளிவந்தது. சிலரைப் பக்கத்தில் இருக்கிற தெரியாத ஆளோடு பேசச் சொன்னார்கள், சிலரைச் சும்மா தனியாக இருக்கச் சொன்னார்கள். பேசினால் பயணம் கெடும் என்றுதான் பொதுவாக ஆட்கள் நினைத்தார்கள், ஆனால் பேசியவர்களுக்கே பயணம் இனிமையாக இருந்தது. 2018-இல் இன்னொன்று: புதிதாகச் சந்தித்த இருவரைப் பேச வைத்து, அப்புறம் தனித்தனியே கேட்டால், இவருக்கு நம்மை அவ்வளவாகப் பிடிக்கவில்லை என்றே இருவரும் நினைக்கிறார்கள். உண்மையில் அதைவிட அதிகமாகவே பிடித்திருக்கிறது. ஒரு தொல்லை என்று நினைப்பாரோ, மூஞ்சியைத் திருப்பிக்கொள்வாரோ என்று நாம் வாயை மூடிக்கொண்டிருக்கிறோமே, அந்தக் கணக்கே தப்பு.

வேலை தேடுகிற இளைஞர்களுக்கு ஒன்று. கிரானோவெட்டர் என்கிற அமெரிக்கச் சமூகவியலாளர் 1973-இலேயே எழுதிவிட்டார்: ஆள் பிடித்து வேலைக்குப் போனவர்களில் பெரும்பாலோருக்குத் தகவல் சொன்னவர் நெருங்கிய நண்பர் இல்லை, எப்போதாவது பார்க்கிற ஆள்தான். யோசித்தால் நியாயம் புரியும். நம் கூட்டாளிக்குத் தெரிந்தது நமக்கும் தெரியும், அவன் உட்கார்கிற கடையில்தானே நாமும் உட்கார்கிறோம். வெளிச் செய்தி வெளியாளிடம்தான் இருக்கும்.

எப்படித் தொடங்குவது என்று ஒரு தம்பி சீட்டு எழுதி அனுப்பியிருக்கிறார். சம்பளம் எவ்வளவு, கல்யாணம் ஆச்சா, ஏன் இன்னும் பிள்ளை இல்லை, இந்த மூன்றையும் வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள். இரண்டு பேர் கண்ணுக்கும் முன்னால் இருக்கிறதைப் பற்றிப் பேசுங்கள்: மழை, டுரியான் விலை, நகராத வரிசை. சின்ன உதவி ஒன்று கேளுங்கள், இந்தப் பையைக் கொஞ்சம் பாருங்கள் என்றுகூட. பதில் ஒற்றை வார்த்தையில் வந்தால் சிரித்துவிட்டு விட்டுவிடுங்கள், எல்லாருக்கும் எல்லா நாளும் பேச மனம் இருக்காது. பெண்பிள்ளைகள் விஷயத்தில் நான் உபதேசம் செய்ய மாட்டேன், ஆள் நடமாட்டம் உள்ள இடமா, எழுந்து போக முடியுமா என்று அவர்கள் பார்த்துக்கொள்வார்கள், வேண்டாம் என்றால் அந்தப் பேச்சு அங்கேயே முடிய வேண்டும். போனில் அழைத்துப் போலீஸ் பேசுகிறேன், உடனே பணம் அனுப்பு என்கிறவனோடு பேசச் சொல்லி நான் ஒரு நாளும் சொல்ல மாட்டேன், அவனுக்கு மட்டும் உடனே போனை வையுங்கள்.

கடைசியாக, தீபாவளி வருகிறது. திறந்த இல்ல உபசரிப்புக்கு ஒய்.பி.யை, நம் தொகுதி உறுப்பினரைக் கூப்பிடுகிறோம், மலாய், சீன நண்பர்களைக் கூப்பிடுகிறோம், நல்லது. இந்தத் தடவை மண்டபத்தில் நடக்கிற விருந்துக்குப் பக்கத்துத் தோட்டத்து லயத்துக்காரர்களையும் கூப்பிடலாம் என்பது என் யோசனை. பெரும்பாலானவர்களுக்கு ஞாயிறுதான் ஓய்வு, அதனால் தீபாவளி எந்தக் கிழமையானாலும் அடுத்த ஞாயிறு வைத்துக்கொள்வோம். மேனேஜரிடம் முன்கூட்டியே ஒரு கடிதம் கொடுத்துவிட்டால் அவர்களுக்கும் பயம் இருக்காது. வங்காளதேசத்தவர் அநேகமாக முஸ்லிம்கள், இந்தோனேசியரும் அப்படித்தான், நேப்பாளிகளில் பலர் நம் மாதிரி மாட்டிறைச்சி தொடாதவர்கள். கோழிக் கறியை மாமாக் கடையிலேயே, அந்தத் தமிழ் முஸ்லிம் கடையிலேயே சொல்லிவிடுவோம், தட்டும் கரண்டியும் புதிதாக வாங்குவோம், முறுக்குக்கும் அதிரசத்துக்கும் யாருக்கும் தடை இல்லை. வேன் மட்டும் இன்னும் அமையவில்லை. பள்ளி வேன் ஓட்டுகிற அண்ணன்கள் இரண்டு பேரை அங்கே பின்னால் பார்க்கிறேன், கூட்டம் முடிந்ததும் போய்விடாதீர்கள், பெட்ரோல் செலவு என் பொறுப்பு.