பழைய கட்டடத்துல தங்கப் போறீங்களா? முதல்ல சீலிங்கைப் பாருங்க

வணக்கம் மக்களே! இப்ப நான் நிக்கிற இந்தக் கட்டடம் ஒரு காலத்துல பேங்க் ஆபீஸ். இன்னைக்கு இதை அபார்ட்மென்ட் அபார்ட்மென்ட்டா பிரிச்சு, கிச்சன் பாத்ரூமோட டூரிஸ்ட்டுக்கு வாடகைக்கு விடுறாங்க. பூட்டிக் அபார்ட்மென்ட்னு சொல்றாங்கல்ல, அதுதான். கட்டில், சோபா, காபி மெஷின் எல்லாம் அப்புறம் காட்டுறேன். முதல்ல கேமராவை மேல திருப்புறேன்.

சுவரும் சீலிங்கும் சேர்ற இடத்துல கார்னிஸ் ஓடுது, தெரியுதா? கொடியும் இலையுமா சாந்து வேலை. மூணு பக்கமும் ஒரே சீரா வருது. இதோ, இந்த நாலாவது சுவர்கிட்ட வந்ததும் சட்டுன்னு நின்னுடுது பாருங்க. பாதி இலை இந்தப் பக்கம், மீதி இலை பக்கத்து அபார்ட்மென்ட்ல. சுவரைத் தட்டிக் காட்டுறேன்... டொக்கு டொக்குன்னு உள்ளே காலியா கேக்குதுல்ல? இது ஜிப்சம் போர்டு. அந்தப் பக்கம் இருக்கிற சுவரைத் தட்டுனா கைதான் வலிக்கும், சத்தமே வராது. அதாவது இது முன்னாடி ஒரே பெரிய ஹால். நடுவுல தடுப்பு போட்டு ரெண்டாக்கிட்டாங்க.

இதை ஏன் இவ்வளவு நேரம் காட்டுறேன்னா, பழைய கட்டடத்துல தங்குறதுக்கு நாம கூடுதலா காசு குடுக்கிறோம். அந்தக் காசுக்கு நமக்குக் கிடைக்க வேண்டியது அந்த ரூமோட பழைய அளவு. அந்த உயரம், அந்த உயரத்துக்கு ஏத்த அகலம், ஜன்னல் வழியா வெளிச்சம் கடைசி வரைக்கும் வர்றது. பதினாலு அடி உயர சீலிங்கை வெச்சுக்கிட்டு எட்டடி அகலத்துக்கு ரூமைக் குறுக்கிட்டா கிணத்துக்குள்ள படுத்திருக்கிற மாதிரிதான் இருக்கும். வாசல்ல எத்தனை வருஷம் பழசுன்னு போர்டு மாட்டியிருந்தாலும் சரி.

1964-ல வெனிஸ் சாசனம்னு ஒண்ணு எழுதினாங்க. நினைவுச் சின்னங்களை எப்படிப் பாதுகாக்கணும்ங்கிறதுக்கு உலகம் முழுக்க அதைத்தான் அடிப்படையா வெச்சுக்கிறாங்க. அதோட அஞ்சாவது பிரிவு என்ன சொல்லுதுன்னா, கட்டடத்தைப் பூட்டி வைக்காம சமூகத்துக்குப் பயன்படுற மாதிரி புழக்கத்துல வெச்சிருந்தா பாதுகாப்புக்கு நல்லது, ஆனா அதுக்காக உள் அமைப்பையும் அலங்காரத்தையும் மாத்தக் கூடாது. எனக்கு இது ரொம்ப நியாயமா படுது.

சரி, பெட்ரூமுக்கு வாங்க. இங்க நல்லா யோசிச்சுப் பண்ணியிருக்காங்க. பாத்ரூமுக்குன்னு தனியா சுவர் எழுப்பல. ரூமுக்குள்ளயே ஒரு பெரிய மரப்பெட்டி மாதிரி செஞ்சு நிறுத்தி, அதுக்குள்ள ஷவர், வாஷ்பேசின் எல்லாம் அடக்கிட்டாங்க. பெட்டிக்கு மேல பாருங்க, சீலிங்குக்கும் அதுக்கும் நடுவுல இவ்வளவு இடம் இருக்கு. கார்னிஸ் நாலு பக்கமும் அறுபடாம ஓடுது. நாளைக்கே யாராவது இந்தப் பெட்டியைக் கழட்டி எடுத்தாலும் பழைய ரூம் முழுசா அப்படியே கிடைக்கும்.

பழைய கட்டடத்தை மாத்தும்போது பெரிய தலைவலியே பாத்ரூம்தான். லண்டன் செயின்ட் பாங்க்ரஸ் ஸ்டேஷனை ஒட்டி மிட்லண்ட் கிராண்ட் ஹோட்டல்னு ஒண்ணு இருந்துச்சு. ஜார்ஜ் கில்பர்ட் ஸ்காட் டிசைன் பண்ணது, 1873-ல திறந்தாங்க. அரண்மனை மாதிரி கட்டடம், ஆனா ரூமோட சேர்ந்த பாத்ரூம் கிடையாது. வேலைக்காரங்கதான் குளிக்கிற தொட்டியும் தண்ணியும் ரூம் ரூமா தூக்கிட்டுப் போகணும். காலம் மாறினதும் அது கட்டுப்படியாகல, 1935-ல மூடிட்டாங்க. அப்புறம் ரயில்வே ஆபீஸா ஓட்டினாங்க, 1960-கள்ல இடிச்சிடலாம்னு பேச்சு வந்து, எப்படியோ தப்பிச்சுது. 2011-ல மறுபடியும் ஹோட்டலா திறந்தாங்க, மேல் மாடியெல்லாம் இப்ப அபார்ட்மென்ட்.

உள்ளே எதையுமே மாத்தக் கூடாதுன்னு நான் சொல்ல வரல. வியன்னாவுல கேஸோமீட்டர்னு நாலு பெரிய வட்டக் கட்டடம் இருக்கு. 1890-கள்ல கட்டினது. ஊருக்கே கேஸ் சேமிச்சு வெச்ச தொட்டிகள், அதைச் சுத்தி செங்கல் சுவர். 1984-ல அந்த வேலை முடிஞ்சுது. 1999-ல இருந்து 2001 வரைக்கும் உள்ளே புதுசா வீடுகள் கட்டினாங்க, பழைய செங்கல் சுவரை மட்டும் அப்படியே விட்டுட்டாங்க. அங்க காப்பாத்துறதுக்கு ரூமே கிடையாது, அதனால அது சரி. குரோஷியாவுல ஸ்ப்லிட் ஊர்ல டயோக்ளீஷியன் அரண்மனை அதுக்கு நேர் எதிர். ரோமானியச் சக்கரவர்த்தி கட்டினது, ஆயிரத்து எழுநூறு வருஷம் ஆச்சு. ஏழாம் நூற்றாண்டுல இருந்து அந்தச் சுவர்களுக்குள்ள சனங்க வீடு கட்டிக் குடியிருக்காங்க. டூரிஸ்ட்டுக்கு விடுற அபார்ட்மென்ட்டும் அதுக்குள்ளயே இருக்கு. அந்த மாதிரி இடத்துல பக்கத்து வீட்ல நிஜமாவே குடும்பம் இருக்கும், ராத்திரி பத்து மணிக்கு மேல கல் படிக்கட்டுல சூட்கேஸைத் தடதடன்னு இழுத்துட்டு ஏறாதீங்க, ப்ளீஸ்.

அடுத்து சுவர். கீழ தரையை ஒட்டி ஒரு முழம் உயரம் வரைக்கும் உத்துப் பாருங்க. பெயின்ட் உப்பியிருக்கா, தடவினா வெள்ளையா உப்பு மாதிரி கையில ஒட்டுதா? பழைய செங்கல், கல் சுவரெல்லாம் சுண்ணாம்புக் காரை போட்டுக் கட்டினது. ஈரத்தை உறிஞ்சும், காத்துல விட்டுடும், அதுபாட்டுக்குக் காஞ்சுக்கும். அதுக்கு மேல சிமென்ட் பூசி பிளாஸ்டிக் பெயின்ட் அடிச்சா ஈரம் வெளிய வர வழியில்லாம உள்ளேயே நிக்கும். கதவைத் திறந்ததும் பூஞ்சை வாசம் அடிக்கிறதுக்கு நிறைய இடத்துல காரணம் இதுதான். ரூம் ஸ்ப்ரே தூக்கலா அடிச்சு வெச்சிருந்தா எனக்கு உடனே சந்தேகம் வந்துடும்.

சத்தம் பத்தி ஒரு வார்த்தை. வெளிச்சுவர் தடிமனா இருக்கிறதால ரோட்டுச் சத்தம் ஜன்னல் வழியாத்தான் வரும். ஆனா மாடித் தரை மரமா இருந்தா, மேல ஒருத்தர் நடந்தா நம்ம தலைக்கு மேல நடக்கிற மாதிரியே கேக்கும். அதனால தூக்கம் லேசா இருக்கிறவங்க கடைசி மாடி கேளுங்க. லிஃப்ட் இருக்கான்னும் கேட்டுக்குங்க, பாரம்பரியப் பட்டியல்ல இருக்கிற கட்டடத்துல லிஃப்ட் போட அனுமதி கிடைக்கிறது லேசு இல்ல. அதே தடிச்ச சுவர் வைஃபையையும் நிறுத்திடும், ஹால்ல ஃபுல் சிக்னல், பெட்ரூம்ல ஒண்ணுமே வராது.

புக் பண்றதுக்கு முன்னாடி நான் ஓனர்கிட்ட மூணு போட்டோ கேப்பேன். கதவுகிட்ட நின்னு ரூமோட நாலு மூலை சீலிங்கும் தெரியிற மாதிரி ஒண்ணு. ஜன்னல் முழுசா, மேல இருந்து கீழ வரைக்கும் ஒண்ணு. ஏன்னா சில இடத்துல தடுப்பு நேரா ஜன்னல் நடுவுல வந்து முட்டும், அதை லிஸ்டிங் போட்டோல காட்டவே மாட்டாங்க. மூணாவது, படிக்கட்டு. அவசரத்துக்கு வெளிய போக இன்னொரு வழி இருக்கான்னும் அதே மெசேஜ்ல கேட்டுடுவேன். நல்லாப் புதுப்பிச்சவங்க பத்து போட்டோவா அனுப்பி, இந்த மரம் பழசு, அந்தப் பூட்டு பழசுன்னு கதையும் சேத்துச் சொல்வாங்க. சரி, இப்ப அந்த மரப்பெட்டிக்குள்ள இருக்கிற ஷவரைத் திறந்து தண்ணி எந்த வேகத்துல வருதுன்னு பாத்துடலாம், வாங்க.