நாடில்லாத படைக்கு ஆள் எங்கிருந்து வரும்?

அவையோரே,

துப்பாக்கியை நட்பு நாடு கொடுத்துவிடும். செத்தவன் இடத்துக்கு ஆள் அனுப்பச் சொந்த ஊர் வேண்டும். இரண்டாம் உலகப் போரில் ஜெனரல் ஆண்டர்ஸின் போலந்துப் படைக்கு அது இல்லை. இந்தக் கதையை எல்லாரும் அவர்கள் சண்டையிட்ட இத்தாலியின் மோன்டே காசினோ மலையில் தொடங்குவார்கள். நாம் ரொட்டிக் கணக்கில் தொடங்குவோம்.

1939 செப்டம்பர் 17 அன்று சோவியத் படை கிழக்குப் போலந்தில் நுழைந்தது. மறு ஆண்டு, குடும்பம் குடும்பமாகச் சைபீரியாவுக்கும் கசகஸ்தானுக்கும் ரயிலேற்றினார்கள். 1941 ஜூனில் ஹிட்லர் ரஷ்யா மேல் பாய்ந்ததும் காற்று திசைமாறியது. ஜூலை 30 போலந்து-சோவியத் ஒப்பந்தத்தால் கைதிகளுக்கு விடுதலை கிடைத்தது; லுபியங்கா சிறையிலிருந்து வெளிவந்த ஆண்டர்ஸ் தளபதியானார். சிப்பாய்கள் வந்து சேர்ந்தார்கள். அதிகாரிகளைத்தான் காணோம். அதிகாரிகள், காவல்துறையினர் என ஏறத்தாழ 22,000 பேரை 1940இலேயே சோவியத் ரகசியப் போலீஸ் சுட்டுக் கொன்றிருந்தது. ரஷ்யாவின் காத்தின் (Katyn) என்ற இடத்துக் காட்டில் இருந்த புதைகுழிகள் உலகுக்குத் தெரிந்தது 1943 ஏப்ரலில்.

1942 மார்ச்சில் ஸ்டாலின் 44,000 பேருக்குத்தான் ரேஷன் என்றார். முகாம்களில் இருந்த வீரர்களோ 70,000 பேர் அளவில். அந்த ரொட்டியையும் வாசலில் நின்ற பெண்களோடும் பிள்ளைகளோடும் பங்கிட்டுத் தின்றார்கள். டைபஸ் காய்ச்சல் வேறு. ஈரானுக்குப் போவதுதான் வழி. அந்த வசந்தத்திலும் ஆகஸ்டிலும் காஸ்பியன் கடல் வழியே சுமார் 1,15,000 பேர் பஹ்லவி துறைமுகம் சேர்ந்தார்கள். பேன்தான் டைபஸைப் பரப்பும்; அதனால் கரையிலேயே தலையை மழித்து, உடுத்தியிருந்ததை எரித்தார்கள். அதற்குப் பிறகும் சாவு ஓயவில்லை. காய்ந்து கிடந்த குடலுக்குக் கொழுப்பு மிதக்கும் ஆட்டிறைச்சிச் சூப் தாங்கவில்லை. பசித்தவனுக்குக் கஞ்சிதான் முதலில் என்பது நம் பாட்டிகளுக்குத் தெரியும்.

அனாதைப் பிள்ளைகளில் சிலர் ஜாம்நகர் அருகே பாலாசடிக்கு வந்தார்கள். கோலாப்பூர் அருகே வலிவடேயில் ஒரு போலந்து ஊரே எழுந்தது.

வீரர்கள் ஈராக், பாலஸ்தீனம் வழியே இத்தாலி போனார்கள். காசினோவில் தண்ணீரையும் குண்டுகளையும் இரவில் கோவேறு கழுதை மேலும் ஆள் முதுகிலும் ஏற்ற வேண்டும். பகலில் தலை தூக்கினால் மேலிருந்து ஜெர்மானியன் சுடுவான். பாறையில் பதுங்குகுழி தோண்ட முடியாது. கல்லடுக்கி அதன் பின்னே படுத்தார்கள். 1944 மே 12 அதிகாலை 1 மணிக்குத் தாக்குதல் தொடங்கியது. 593ஆம் குன்றைப் பிடித்தார்கள். காக்க ஆள் போதாமல் விட்டார்கள். மே 17 அன்று மறுபடி ஏறினார்கள். மறுநாள் காலை மலையுச்சியில் இருந்த கிறிஸ்தவ மடத்தில் போலந்துக் கொடி. விலை: 923 உயிர்.

அந்த 923 பேரின் இடத்தை நிரப்பியது யார் தெரியுமா? ஜெர்மானியர் கட்டாயமாகத் தம் படையில் சேர்த்து, பின் நேச நாடுகளிடம் பிடிபட்ட போலந்துக்காரர்கள்! நேற்றுவரை எதிர்ப்பக்கச் சீருடை.

1945இல் நேச நாட்டுத் தலைவர்களின் யால்டா மாநாட்டில் அவர்களுடைய கிழக்குப் போலந்து சோவியத்துக்குப் போனது. லிவோவ், வில்னோ ஊர்க்காரர்கள் எந்த ஊருக்குத் திரும்புவது? பல்லாயிரம் பேர் பிரிட்டனில் தங்கினார்கள். 1946இல் வார்சா அரசு ஆண்டர்ஸின் குடியுரிமையைப் பறித்தது. அவர் 1970 மே 12 அன்று, அந்தத் தாக்குதல் தொடங்கிய அதே தேதியில், லண்டனில் இறந்தார். அவரைக் காசினோவுக்குக் கொண்டுபோய்த் தம் வீரர்கள் நடுவே புதைத்தார்கள்.