காப்பிக் களத்தில் காய்ந்த புத்தகங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

பொது நூலகங்களைப் பற்றியும் நம்மூர் இலக்கியக் கூட்டங்களைப் பற்றியும் கால் மணி நேரம் பேசச் சொல்லி அழைத்திருக்கிறார்கள். முப்பத்தோரு வருஷம் சேலம் மாவட்டத்தில் நூலகராக இருந்தவள் நான். "சத்தம் போடாதீங்க, சத்தம் போடாதீங்க" என்று சொல்லியே தேய்ந்த வாய் இது. மைக் முன்னால் உட்கார ஒரு மாதிரியாகத்தான் இருக்கிறது. ஆனால் நான் பேச வந்ததே சத்தத்தைப் பற்றித்தான். நூலகத்தில் கொஞ்சம் சத்தம் வேண்டும். பேச்சுச் சத்தம் இல்லை, ஒருவர் வாய்விட்டுப் படிக்க நாலு பேர் கேட்கிற சத்தம். என் பேச்சில் இதையே திரும்பத் திரும்பச் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வேலைக்குச் சேர்ந்து சில வருஷத்தில் என்னை ஏற்காட்டு மலையில் ஒரு சின்ன ஊருக்கு மாற்றினார்கள். அப்போது கோரிமேட்டில் குடியிருந்தேன். காலை பஸ்ஸில் ஏறினால் இருபது கொண்டை ஊசி வளைவு. வளைவுக்கு வளைவு எண் போட்டுப் பலகை வைத்திருப்பார்கள், பார்த்திருப்பீர்கள். பாதி எண்ணுவதற்குள் எனக்குக் காது அடைத்துக்கொள்ளும். டவுனில் இறங்கி அங்கிருந்து ஜீப், ஜீப் கிடைக்காத நாளில் நடை. நூலகம் என்றால் பெரிய கட்டடமாக நினைத்துக்கொள்ளாதீர்கள். ஓடு வேய்ந்த ஒற்றை அறை. மூன்று மர அலமாரி, ஒரு பெஞ்சு, ஒரு இரும்பு பீரோ. காலை நாளிதழ் மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் வந்து சேரும்.

அந்த இரும்பு பீரோவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். புதிதாக வந்த நல்ல புத்தகம் எல்லாம் அதற்குள்தான் இருந்தது. பூட்டி வைத்தது யார்? நான்தான். நூல் இருப்புச் சரிபார்ப்பு என்று ஒன்று உண்டு. பதிவேட்டில் இருக்கிற எண்ணுக்கு அலமாரியில் புத்தகம் இல்லையென்றால் விலையை நூலகர் கையிலிருந்து கட்ட வேண்டும் என்பார்கள். அந்தச் சம்பளத்தில் அது பெரிய தொகை. பயம். அதனால் கிழிந்தது, பழசு, யாரும் தொடாதது எல்லாம் வெளியே இருக்கும். பிள்ளைகள் ஆசைப்படும் படக்கதை பீரோவுக்குள் இருக்கும்.

இத்தனைக்கும் நான் படித்து வந்த பாடத்தின் முதல் வரியே என்ன தெரியுமா? "நூல்கள் பயன்படுத்துவதற்கே." நூலகத்துறைக்கென்று எஸ். ஆர். ரங்கநாதன் எழுதிய ஐந்து விதிகளில் முதல் விதி. சீர்காழிக்காரர், கணக்கு வாத்தியார். 1924-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் நூலகர் வேலைக்கு வந்தார். வந்த வேகத்தில், "இங்கே ஒரு வேலையும் இல்லை, என்னைத் திரும்ப வகுப்புக்கே விட்டுவிடுங்கள்" என்று முறையிட்டவர். பிறகு இங்கிலாந்துக்குப் போய் அங்குள்ள நூலகங்களைப் பார்த்துவிட்டு வந்ததும் ஆளே மாறிவிட்டார். ஐந்து விதிகளும் 1931-இல் புத்தகமாக வந்தன. ஒரு காலத்தில் ஐரோப்பாவில் புத்தகத்தைச் சங்கிலி போட்டு அலமாரியோடு கட்டி வைத்திருந்தார்களாம். பயிற்சி வகுப்பில் இதைக் கேட்டுச் சிரித்தவள் நான். சங்கிலிக்குப் பதில் பூட்டுப் போட்டேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

சரி, மலைக்கு வருவோம். ஐப்பசி, கார்த்திகையில் அங்கே பனிமூட்டம் ஜன்னல் வழியாக உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும். மழை விட்டு ஒருநாள் பீரோவைத் திறந்தேன். குப்பென்று ஒரு வாடை. அட்டையெல்லாம் வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சணம். சில புத்தகத்தில் ராமபாணம் ஏறியிருந்தது. ராமபாணம் தெரியுமா? புத்தகத்தை அரிக்கிற பூச்சி. ஏழு மரத்தைத் துளைத்த ராமர் அம்பு மாதிரி முன்னட்டையில் நுழைந்து பின்னட்டையில் வெளியே வரும். பேர் வைத்தவர் நிச்சயமாக ஒரு வாசகராகத்தான் இருந்திருப்பார். வேப்பிலை, வசம்பு எல்லாம் போட்டுத்தான் வைத்திருந்தேன். மலை ஈரத்துக்கு அது போதவில்லை. பூட்டிப் பாதுகாத்த புத்தகம்தான் கெட்டது. வெளியே அலமாரியில் கைமாறிக்கொண்டிருந்த பழசுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

தை மாதம் நல்ல வெயில் அடித்தது. பக்கத்துத் தோட்டத்தில் காப்பி காயவைக்கிற சிமெண்டுக் களம். கணக்குப்பிள்ளையிடம் கேட்டேன், ஒரு ஓரத்தை ஒதுக்கிக் கொடுத்தார். ஒரு பக்கம் காப்பிப் பழம், இன்னொரு பக்கம் என் புத்தகங்கள். பக்கம் பக்கமாக விரித்து, பறக்காமல் கல் வைத்து, நடுவில் நான் குடை பிடித்து உட்கார்ந்திருந்தேன். காப்பியைப் பலகையால் துழாவிவிட்டுக்கொண்டிருந்த பெண்களுக்கு ஒரே சிரிப்பு. அவர்களில் மூத்தவர் ஒரு பாட்டி, அந்த மலையிலேயே பிறந்தவர், பலகையைப் போட்டுவிட்டுப் பக்கத்தில் வந்தார்.

"ஏம்மா, காப்பி காஞ்சா காசு. இது காஞ்சா என்ன?"

"படிக்கலாம் பாட்டி."

"எங்க, படி பாக்கலாம்."

எனக்குச் சட்டென்று கூச்சமாகப் போய்விட்டது. நூலகர் என்றால் புத்தகத்தை எடுத்துக் கொடுப்பவர், முத்திரை குத்துபவர். யாருக்காவது படித்துக் காட்டியிருக்கிறேனா? யோசித்துப் பார்த்தால் ஒரு தடவைகூட இல்லை. கைக்கு அகப்பட்டது ஒரு நாட்டுப்புறக் கதைத் தொகுப்பு. ஏழு அண்ணன்மாருக்கு ஒரே தங்கை. அவள் குகைக்குள் தேன் எடுக்கப் போன நேரத்தில் வாசலைப் பாறை அடைத்துவிடுகிறது. படிக்கப் படிக்கத் துழாவுகிற பலகைகள் ஒவ்வொன்றாக நின்றன. கணக்குப்பிள்ளை தூரத்திலிருந்து ஒரு சத்தம் போட்டார், பிறகு அவரும் வந்து நின்றுகொண்டார். அண்ணன்மார் பாறைக்கு வெளியே நின்று கூப்பிடுகிறார்கள், அவள் உள்ளேயிருந்து பதில் சொல்கிறாள். பக்கத்தைத் திருப்புகிறேன், கதை இல்லை. கடைசி நாலைந்து தாளும் ஈரத்தில் ஒட்டி, அரித்து, கூழாகிக் கிடக்கின்றன.

"அப்புறம்?" என்கிறார்கள் எல்லாரும். நான் என்ன சொல்ல?

பாட்டிதான் சொன்னார். "அப்புறம் என்ன, அவ வெளிய வரல. அங்கயே இருந்துட்டா. அண்ணனுங்க வருஷா வருஷம் வந்து பாறைக்கு முன்னால பொங்க வைக்கிறாங்க. எங்கம்மா இப்படித்தான் சொன்னா."

அன்றைக்குச் சாயங்காலம் அதை ஒரு தாளில் அப்படியே எழுதி, கூழான பக்கத்தைக் கிழித்துவிட்டு அந்த இடத்தில் ஒட்டினேன். மறு வருஷம் மாவட்ட மைய நூலகத்தில் அதே புத்தகத்தின் நல்ல பிரதி ஒன்று கிடைத்தது. ஆசையாகப் பிரித்துப் பார்த்தால், அண்ணன்மார் பாறையை உடைக்கிறார்கள், தங்கை வெளியே வருகிறாள், ஒரு ராஜகுமாரனுக்குக் கல்யாணம் செய்து கொடுக்கிறார்கள். மலைக்குக் கொண்டுபோய்ப் பிள்ளைகளுக்கு அதைப் படித்தேன். மூன்றாவது படிக்கிற ஒரு பெண் முழுசாகக் கேட்டுவிட்டு, "லைப்ரரிக்கா, புத்தகத்துல தப்பாப் போட்டுட்டாங்க" என்றாள்.

நான் ஒட்டிய பிரதி சரிபார்ப்பில் மாட்டியது. "மூல நூலில் இந்தப் பக்கம் உண்டா?" என்று கேட்டார்கள். இல்லை. "அப்படியானால் இது சேதம்." விலை ஆறரை ரூபாய் கட்டினேன். கழித்துவிட்ட புத்தகம்தானே, நானே வைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டு வாங்கி வந்துவிட்டேன். இப்போதும் என் முன்னால் மேசைமேல் இருக்கிறது. புரட்டினால் உங்களுக்குச் சத்தம் கேட்கலாம். இதோ... கேட்டதா? இன்னும் அந்தக் களத்துக் காப்பி வாசம் இருக்கிறது என்று நான் சொல்வேன், என் மகள் அது பூஞ்சண வாசம் என்பாள்.

மூன்று மாதத்தில் பதினொரு பிள்ளைகள் உறுப்பினரானார்கள், எல்லாரும் களத்துப் பெண்களின் பிள்ளைகள், பேரப் பிள்ளைகள். பீரோவைப் பூட்டுவதை விட்டுவிட்டேன். ஆறு புத்தகம் காணாமல் போனது உண்மை. கட்டினேன்.

மலையிலிருந்து இறங்கிச் சேலம் டவுனுக்கு வந்த பிறகு வாசகர் வட்ட வேலை. கிளை நூலகங்களில் வாசகர் வட்டம் என்று ஒன்று இருக்கும், உங்கள் தெரு நூலகத்திலும் இருக்கும், விசாரித்துப் பாருங்கள். கூட்டம் நடத்துவோம். நம்மூர் இலக்கியக் கூட்டம் எப்படி நடக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அழைப்பிதழில் மாலை ஐந்தரை என்று இருக்கும், ஐந்தரைக்கு ஜமுக்காளம் விரிக்கிற ஆள் மட்டும் வந்திருப்பார். வரவேற்புரை, தலைமை, முன்னிலை, வாழ்த்துரை. ஒவ்வொருவருக்கும் பொன்னாடை. நெசவாளிகள் நிறைந்த ஊர் இது, பொன்னாடையால் தறிக்காரர் நாலு பேருக்குப் பிழைப்பு நடந்தாலாவது பரவாயில்லை. போர்த்துவதோ முழம் முழமாக வெட்டின நைலான் துணி. அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போய் அடுத்த கூட்டத்தில் இன்னொருவருக்குப் போர்த்துவார்கள். ஒரே பொன்னாடையை மூன்று கூட்டத்தில் பார்த்தவள் நான். ஓரத்தில் சாம்பார்க் கறை, அதனால் அடையாளம் தெரிந்தது.

ஒருமுறை ஒரு நாவலுக்குத் திறனாய்வுக் கூட்டம். ஏழு பேர் பேசினார்கள். ஏழு பேர் கையிலும் அந்த நாவல் இல்லை. நான் எழுந்துபோய் அலமாரியிலிருந்து நூலகப் பிரதியை எடுத்துப் பின்னட்டையைத் திறந்தேன். திருப்பித் தரும் தேதியைக் குத்துகிற சீட்டு ஒட்டியிருக்குமே, அதில் ஒரு முத்திரைகூட இல்லை. வாங்கி இரண்டு வருஷம் ஆகியும் யாரும் எடுத்துப் போகவில்லை. பேசிய ஏழு பேரும் அந்த நூலகத்து உறுப்பினர்கள்!

அதற்குப் பிறகு ஒரே ஒரு விதி வைத்தோம். பேச வருகிறவர் முதலில் அந்தப் புத்தகத்திலிருந்து ஒரு பக்கம் படித்துக் காட்ட வேண்டும். பிறகு எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம். பாதிப் பேர் வருவதை நிறுத்திவிட்டார்கள். புதிதாகச் சிலர் வந்தார்கள். செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருந்த ஒருவர் வந்தார். மேடையில் பேசியே பழக்கமில்லாதவர். வெள்ளிப் பொடி படிந்த விரலை வரிக்கு அடியில் வைத்து, கொலுசுக்கு வளையம் கோக்கிற மாதிரி ஒவ்வொரு வார்த்தையாகக் கோத்துப் படித்தார். ஒரு வார்த்தையில் நின்றுவிட்டார். பின் வரிசையிலிருந்து ஒரு பையன் அந்த வார்த்தையை எடுத்துக் கொடுத்தான். அந்தப் பக்கம் முடியப் பத்து நிமிஷம் ஆனது. ஒருவர்கூட எழுந்து போகவில்லை.

இப்போது எவ்வளவோ நடக்கிறது, குறை மட்டுமே சொல்லக் கூடாது. 2022-இலிருந்து சேலத்தில் புத்தகத் திருவிழா நடக்கிறது. அப்பளக் கடையில்தான் கூட்டம் என்று கேலி பேசுவார்கள். பேசட்டும், அப்பளத்துக்கு வந்த பிள்ளை ஒரு புத்தகத்தையும் தொட்டுப் பார்க்கிறதே! பள்ளிகளில் வாசிப்பு இயக்கம் வந்திருக்கிறது. சின்னச் சின்னப் புத்தகங்கள், "நுழை, நட, ஓடு, பற" என்று நாலு படி. பேர் எவ்வளவு அழகு பாருங்கள். அதே 2022-இல் நூலக நண்பர்கள் திட்டமும் வந்தது. நூலகத்துக்கு வர முடியாத முதியவர்கள், மாற்றுத்திறனாளிகள் வீட்டுக்குத் தன்னார்வலர்கள் புத்தகம் எடுத்துப் போகிறார்கள். இதுவும் நம் மண்ணுக்குப் புதிதில்லை. 1931-லேயே மன்னார்குடிப் பக்கம் மாட்டு வண்டியில் நூலகம் ஊர் ஊராகப் போயிருக்கிறது. இந்த நூலக நண்பர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான், புத்தகத்தைக் கொடுத்துவிட்டு உடனே கிளம்பாதீர்கள். கண் மங்கிய ஒரு தாத்தாவுக்கு இரண்டு பக்கம் படித்துக் காட்டிவிட்டுப் போங்கள். சொன்னேனே, திரும்பத் திரும்ப இதையேதான் சொல்வேன் என்று.

கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு விரல் காட்டுகிறார்கள், ஒரு நிமிடம்தான் இருக்கிறதாம். நூலக வரி பற்றி விரிவாகப் பேச ஒரு பக்கம் எழுதி வந்தேன், பாட்டி கதை அதைச் சாப்பிட்டுவிட்டது. சுருக்கமாகச் சொல்கிறேன். சுதந்திர இந்தியாவில் முதன்முதலாக நூலகச் சட்டம் வந்தது நம் மாநிலத்தில்தான், 1948-இல். அந்தச் சட்டத்தின்படி நீங்கள் கட்டுகிற வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்த்து வாங்குகிறார்கள். ரசீதை எடுத்துப் பாருங்கள், தனியாகப் போட்டிருக்கும். நீங்கள் உள்ளே காலே வைக்காத நூலகத்துக்கும் வருஷா வருஷம் பணம் கட்டிக்கொண்டுதான் இருக்கிறீர்கள். நாளைக்கே போய் உறுப்பினராகுங்கள். அட, நாளைக்கு என்ன கிழமை? வெள்ளிக்கிழமையானால் போகாதீர்கள், கிளை நூலகங்களுக்கு அன்றைக்கு விடுமுறை. சனிக்கிழமை போங்கள், அதுவும் இரண்டாவது சனியா என்று பார்த்துக்கொண்டு போங்கள்.

வணக்கம்.