இரவில் எழுதிய கதை யாருடையது?

வணக்கம் நேயர்களே.

வேலையில் சேரும் நாளில் ஒரு கத்தை தாளை நீட்டுவார்கள். கையெழுத்துப் போட வேண்டிய இடங்களில் பென்சிலால் குறி வைத்திருப்பார்கள். நானும் போட்டேன், ஒரு வரிகூடப் படிக்காமல். ஆறு வருடம் கழித்து, நான் இரவுகளில் எழுதி வைத்திருந்த சிறுவர் கதைகளை வெளியிட ஒரு பதிப்பாளர் முன்வந்தார். "உங்கள் அலுவலகம் இதில் உரிமை கோராது என்று ஒரு கடிதம் மட்டும் வாங்கி வந்துவிடுங்கள்" என்றார்.

பழைய தாள்களைத் தேடி எடுத்து, அன்றுதான் படித்தேன். பணிக்காலத்தில் ஊழியர் உருவாக்கும் எல்லாப் படைப்புகளும் நிறுவனத்துக்கே சொந்தம் என்று இருந்தது. நான் பார்த்தது மென்பொருளைச் சோதிக்கும் வேலை. என் கதைகளில் வருவது ஓர் ஆமையும் அதன் தங்கையும்.

அந்த ஒரு சொல்லைக் கவனியுங்கள்: 'பணிக்காலத்தில்'. 'பணியின் பகுதியாக' என்றிருந்தால் எனக்கு ஒரு மறுப்பும் இல்லை. சம்பளம் வாங்கிக்கொண்டு செய்த வேலை சம்பளம் கொடுத்தவருக்குப் போவது நியாயம். பல நாட்டுச் சட்டங்களும் அந்த இடத்தில்தான் கோடு போடுகின்றன. பிரிட்டனில் 1988ஆம் ஆண்டுச் சட்டம் அப்படிச் சொல்கிறது. இந்தியாவின் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் 17ஆவது பிரிவும் அப்படித்தான்: வேலையின் பகுதியாகச் செய்த படைப்புக்கு முதல் உரிமையாளர் முதலாளி. ஆனால் இது, வேறு ஒப்பந்தம் இல்லாதபோது மட்டும். சட்டம் திறந்து வைத்த அந்தக் கதவு வழியாகத்தான் 'பணிக்காலத்தில்' என்ற சொல் உள்ளே வருகிறது. சட்டம் வேலையைப் பார்க்கிறது, ஒப்பந்தமோ காலண்டரைப் பார்க்கிறது. காலண்டரில் ஞாயிற்றுக்கிழமையும் இருக்கிறது, தூங்கும் நேரமும் இருக்கிறது.

இந்தச் சொல்லை வைத்தே ஒரு பெரிய வழக்கு நடந்திருக்கிறது. பார்பி பொம்மைகளைத் தயாரிக்கும் மேட்டல் நிறுவனத்தில் ஒரு வடிவமைப்பாளர் இருந்தார். பிராட்ஸ் என்ற பொம்மைகளின் யோசனையை அவர் எம்ஜிஏ என்ற போட்டி நிறுவனத்திடம் கொண்டுபோனார். 2001இல் பொம்மைகள் கடைக்கு வந்தன, அமோகமாக விற்றன. மேட்டல் வழக்குப் போட்டது. 2008இல் ஜூரி அதற்குச் சாதகமாக 10 கோடி டாலர் இழப்பீடு சொன்னது. 2010இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைத் தள்ளிவிட்டது. 'பணிக்காலத்தில் எந்த நேரத்திலும்' என்று அவருடைய ஒப்பந்தத்தில் இருந்தது. அது இரவையும் வார விடுமுறையையும் சேர்த்துச் சொல்கிறதா, அலுவலக நேரத்தை மட்டும் சொல்கிறதா? இரண்டு விதமாகவும் படிக்கலாம் என்றார்கள் நீதிபதிகள். 2011இல் புதிய ஜூரி எம்ஜிஏ பக்கம் நின்றது.

அந்த வழக்கில் மேட்டலின் ஆத்திரம்கூட எனக்குப் புரிகிறது. பொம்மை வடிவமைக்கச் சம்பளம் வாங்கியவர் பொம்மையையே வடிவமைத்தார். ஆமைக் கதையில் எந்த நிறுவனத்துக்கு என்ன நஷ்டம்?

கலிஃபோர்னியாவில் கண்டுபிடிப்புகளுக்காக ஒரு நல்ல விதி இருக்கிறது. சொந்த நேரத்தில், அலுவலகக் கருவிகளையோ ரகசியங்களையோ தொடாமல், அதன் தொழிலோடும் நாம் பார்க்கும் வேலையோடும் சம்பந்தமில்லாமல் ஒன்றை உருவாக்கினால், ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும் முதலாளி அதைப் பறிக்க முடியாது. கதைக்கும் பாட்டுக்கும் ஓவியத்துக்கும் இதே காப்பு எல்லா ஊரிலும் வேண்டும் என்பது என் கட்சி.

அது வரும்வரை? கையெழுத்துக்கு முன்பே கேளுங்கள். 'பணிக்காலத்தில்' என்பதை 'பணியின் பகுதியாக' என்று மாற்றித் தரச் சொல்லுங்கள். கேட்டால் வேலை போய்விடுமோ என்று பயமாகத்தான் இருக்கும். மாற்ற முடியாது என்றால், ஏற்கெனவே எழுதி வைத்தவற்றைப் பட்டியல் போட்டு ஒப்பந்தத்தோடு இணையுங்கள். புதிதாக ஒன்றைத் தொடங்கினால் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். ஸ்டீவ் வோஸ்னியாக் எச்பி நிறுவனத்தில் வேலை பார்த்துக்கொண்டே ஆப்பிளின் முதல் கணினியை வடிவமைத்தவர். அதை முதலில் எச்பியிடம்தான் காட்டினார். அவர்கள் வேண்டாம் என்ற பிறகே அது வெளியே போனது.

அப்புறம், அலுவலக லேப்டாப். உரிமையைக் கருவி மட்டுமே தீர்மானித்துவிடாது. ஆனால் ஒப்பந்தத்தில் அதையும் சேர்த்திருந்தால் வாதாட அவர்களுக்கு ஒரு பிடி கிடைத்துவிடும். என்னிடம் அவர்கள் கேட்ட முதல் கேள்வியே, "எந்தக் கணினியில் எழுதினீர்கள்?" என்பதுதான். மதிய இடைவேளைகளில் இரண்டு கதைகளை அலுவலக லேப்டாப்பில் தட்டியிருந்தேன். மறைக்காமல் சொன்னேன். ஒன்பது மாதம் கழித்துக் கடிதம் வந்தது, அந்த இரண்டைத் தவிர மற்றவற்றுக்கு. தங்கை ஆமை முதன்முதலாகக் கடலைப் பார்க்கும் கதை அதில் ஒன்று. அது புத்தகத்தில் இல்லை.

வணக்கம்.