திரையோரத்தில் ஒரு கறுப்புக் கோட்டு

நேயர்களுக்கு வணக்கம்.

பாலே ஆடும் பெண் ஒருத்தி. வெள்ளைப் பாவாடை விரிந்திருக்கிறது, ஒற்றைக்காலில் நிற்கிறாள், கைகள் இரண்டும் அகன்று நீண்டிருக்கின்றன, தலை சற்றே பின்னால் சாய்ந்திருக்கிறது. கழுத்தில் கட்டிய கறுப்பு ரிப்பன் பின்னால் பறக்கிறது. இந்தப் படத்தை நீங்கள் எங்கேயாவது பார்த்திருப்பீர்கள். நாட்காட்டியில், நோட்டுப் புத்தக அட்டையில், கைபேசி உறையில்கூட இது வந்துவிட்டது. பிரெஞ்சு ஓவியர் எட்கார் டெகா 1876 வாக்கில் வரைந்தது. 'நட்சத்திரம்' என்பது பெயர். இன்று பாரிஸின் ஓர்சே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பெரிய படமும் இல்லை, உயரம் 60 சென்டிமீட்டருக்கும் குறைவுதான்.

முதலில் அவள் முகத்தைப் பாருங்கள். மோவாயும் தொண்டையும் பளிச்சென்று இருக்கின்றன. அந்தக் காலத்து மேடையில் எரிவாயு விளக்குகளை முன்விளிம்பில், தரையோடு தரையாக வரிசையாக வைப்பார்கள். கரண்ட் போன இரவில் டார்ச்சைத் தாடைக்குக் கீழே பிடித்துக்கொண்டு பிள்ளைகள் விளையாடுவார்களே, அந்த வெளிச்சம்தான். ஆனால் பார்ப்பவரின் கண் இருப்பது உயரத்தில், மாடத்து இருக்கையில். ஒளி கீழிருந்து ஏறுகிறது, பார்வை மேலிருந்து இறங்குகிறது. இரண்டும் அவள் கழுத்தில் வந்து சந்திக்கின்றன.

இது எண்ணெய் வண்ணம் இல்லை, பாஸ்டல். நிறப்பொடியில் துளி பிசின் சேர்த்து உருட்டிக் காயவைத்த குச்சி. பள்ளியில் கரும்பலகை துடைத்தவர்களுக்கு அந்தப் பொடி கையில் ஒட்டுவது தெரியும். பாஸ்டலும் அப்படித்தான், தாளின் சொரசொரப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கும். அந்தப் பாவாடையை எண்ணெய் வண்ணத்தில் வரைந்திருந்தால் துணியாகியிருக்கும். பொடியில் வரைந்ததால் அது வெளிச்சமாகவே இருக்கிறது. பாஸ்டலை எண்ணெய் வண்ணத்துக்கு ஒரு படி கீழே வைத்துப் பேசுகிறவர்களிடம் நான் இந்தப் பாவாடையைத்தான் காட்டுவேன்.

இன்னொரு விஷயம். அந்தப் பொடிக்கு அடியில் ஓர் அச்சு இருக்கிறது. மோனோடைப் என்பார்கள். உலோகத் தகடு ஒன்றை எடுத்து, அச்சு மையைப் பூசி, தூரிகையால் இழுத்து, துணியால் துடைத்து, சில இடங்களில் விரலாலேயே தேய்த்துப் படம் உண்டாக்குவது. தகட்டில் எதையும் செதுக்குவதில்லை. அதன்மேல் ஈரத்தாளை வைத்து அச்சுப்பொறியில் ஓட்டினால் மை தாளுக்கு வந்துவிடும். நல்ல படி ஒன்றுதான் கிடைக்கும். இன்னொரு முறை ஓட்டினால் மங்கலாக ஒன்று வரும், அவ்வளவுதான். லெப்பிக் என்ற நண்பரிடமிருந்து டெகா இந்த முறையைப் பிடித்துக்கொண்டார். பிறகு அதை அடிக்கடி கையாண்டார். கறுப்பு மையில் இருட்டை முதலில் அச்சடித்துவிட்டு, அதன்மேல் பாஸ்டலால் வெளிச்சத்தை ஏற்றுவார். இதை நான் மாணவர்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்வேன், உங்களுக்கும் சொல்கிறேன்: முதலில் இருட்டு, பிறகுதான் வெளிச்சம்.

இப்போது நான் சொல்லவந்த இடத்துக்கு வருகிறேன். படத்தின் மேல்பகுதியில், இடப்பக்கம், திரைச்சீலைகளுக்கு நடுவே பாருங்கள். கறுப்பு உடையில் ஓர் ஆண் நிற்கிறார். தலையைத் திரை மறைத்துவிட்டது, உடம்பும் கால்களும் மட்டும் தெரிகின்றன. அவரையொட்டி, மேடையேறக் காத்திருக்கும் பெண்களின் பாவாடைகள் அரைகுறையாகத் தெரிகின்றன. இந்தப் பாலே நடந்த பாரிஸ் ஆப்பெரா அரங்கில் ஆண்டுச் சந்தா கட்டிய பணக்காரர்களுக்கு மேடைக்குப் பின்னால் போக அனுமதி உண்டு. ஆடும் பெண்களோ பெரும்பாலும் ஏழை வீட்டுப் பிள்ளைகள். அந்த ஆண்கள் அங்கே எதற்குப் போனார்கள் என்பது ஊருக்கே தெரிந்திருந்தது. டெகா அவருக்கு முகம் கொடுக்கவில்லை. ஆனால் அவரை விட்டுவிடவும் இல்லை.

நாட்காட்டி அச்சடிப்பவர்கள் முதலில் வெட்டி எறிவது இந்த மனிதரைத்தான். மேல்புறத்தையும் இடப்புறத்தையும் கத்தரித்துவிட்டு, பெண்ணை மட்டும் நடுவில் வைத்துவிடுகிறார்கள். பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். அவர் போய்விட்டால் மிஞ்சுவது அழகான பாவாடை மட்டும்தான். அவர் இருந்தால்தான் அந்தப் பெண் எங்கே நிற்கிறாள், யாருக்கு முன்னால் ஆடுகிறாள், ஆட்டம் முடிந்து எந்தப் பக்கம் திரும்பிப் போக வேண்டும் என்பதெல்லாம் தெரியும். அதனால் இந்தப் படத்தின் பிரதி கையில் கிடைத்தால், முதலில் அந்தக் கறுப்புக் கால்களைத் தேடுங்கள். இல்லையென்றால் அது முழுப்படம் இல்லை.

கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கை காட்டுகிறார்கள், நேரமாகிவிட்டது. இந்தப் படத்தைப் பாதுகாத்து அரசுக்கு எழுதிவைத்த ஓவியர் கயிபோத்தைப் பற்றி விரிவாகப் பேச நினைத்திருந்தேன். தன் சேகரிப்பைப் பரணில் போடக்கூடாது, வெளியூர் அருங்காட்சியகத்துக்கும் அனுப்பக்கூடாது என்று உயிலில் எழுதியவர் அவர். அவர் 1894-இல் இறந்தபின் அரசு பல படங்களை மறுத்தது, ஆனால் டெகாவின் 7 படங்களையும் ஏற்றுக்கொண்டது. இன்னொன்று, மரி வான் கோதெம். சலவைத் தொழிலாளி ஒருவரின் மகள், ஆப்பெராவில் ஆடக் கற்றவள். அவளை வைத்து டெகா மெழுகில் செய்த '14 வயது நடனச் சிறுமி' சிலை 1881-இல் காட்சிக்கு வந்தது. அடுத்த ஆண்டே, ஒழுங்காக வரவில்லை என்று அவளை ஆப்பெராவிலிருந்து நீக்கிவிட்டார்கள். அவள் கதையை இன்னொரு நாள் முழுதாகச் சொல்ல வேண்டும்.

நன்றி, வணக்கம்.