வனுவாட்டுவுக்காகப் பேசிய எட்டுப் பேர்

நேயர்களுக்கு வணக்கம். நான் பள்ளியில் சமூக அறிவியல் நடத்துகிறவள். 2025 ஜனவரி கடைசியில் எங்கள் பிள்ளைகள் எட்டுப் பேரைக் கூட்டிக்கொண்டு நெதர்லாந்தின் தி ஹேக் நகரத்துக்குப் போய்வந்தேன். அந்தக் கதையைத்தான் இன்று சொல்லப்போகிறேன்.

தி ஹேக்கில் மாதிரி ஐ.நா. மாநாடு 1968இலிருந்து நடக்கிறது. பல நாட்டுப் பள்ளி மாணவர்கள் வந்து, ஏதாவது ஒரு நாட்டின் பிரதிநிதிகளாக உட்கார்ந்து, ஐந்து நாள் வாதாடித் தீர்மானம் எழுதுவார்கள். எங்களுக்குக் கிடைத்த நாடு வனுவாட்டு. பிள்ளைகளுக்கு முகமே விழுந்துவிட்டது. அமெரிக்காவோ பிரான்ஸோ கிடைக்கும், வீட்டோ அதிகாரத்தோடு பேசலாம் என்று நினைத்திருந்தவர்கள். "மிஸ், இது எங்க இருக்குன்னு மேப்ல தேட வேண்டியிருக்கு" என்றான் ஒருவன். சரி, தேடு என்றேன்.

தேடியபோதுதான் எல்லாம் மாறியது. பசிபிக் கடலில் எண்பதுக்கு மேற்பட்ட தீவுகள், மக்கள்தொகை சுமார் மூன்று லட்சம், சுதந்திரம் கிடைத்தது 1980இல். அதன் தலைநகர் போர்ட் விலாவில் சட்டம் படித்த 27 மாணவர்கள் 2019இல் ஒரு யோசனையைக் கிளப்பினார்கள்: கடல் ஏறி வருகிறது, புயல் வீட்டைப் பிடுங்குகிறது, இதில் நாடுகளுக்குச் சட்டப்படி என்ன கடமை என்று சர்வதேச நீதிமன்றத்திடமே கேட்டுவிடுவோம் என்று. வனுவாட்டு அரசு அதைக் கையில் எடுத்து ஒவ்வொரு நாடாகப் போய்ப் பேசியது. 2023 மார்ச் 29 அன்று ஐ.நா. பொதுச்சபை, ஒரு நாடுகூட வாக்கெடுப்புக் கேட்காமல், அந்தக் கேள்வியை நீதிமன்றத்துக்கு அனுப்பியது. கல்லூரி வகுப்பறையில் தொடங்கிய விஷயம்! இதைப் படித்த பிறகு எங்கள் பிள்ளைகள் அமெரிக்காவைப் பற்றி வாயே திறக்கவில்லை.

விசா விஷயத்தில் ஒரு பையனுக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள்தான் பாஸ்போர்ட் கைக்கு வந்தது, அவன் அம்மா பட்ட பாட்டைச் சொன்னால் நேரம் போதாது. விட்டுவிடுகிறேன்.

மாநாட்டின் தொடக்கம் மேடைப் பேச்சு இல்லை, 'லாபியிங்'. ஒவ்வொருவரும் வீட்டிலிருந்தே வரைவுத் தீர்மானம் எழுதிக்கொண்டு வருவார்கள், பிறகு ஒத்த கருத்துக்காரர்களைத் தேடிப்பிடித்து, நாலைந்து வரைவுகளை ஒன்றாக்க வேண்டும். எங்கள் பதினொன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தி, இங்கே நடக்கும் போட்டிகளில் 'சிறந்த பிரதிநிதி' கோப்பை பலமுறை வாங்கியவள். தி ஹேக்கில் கோப்பையும் இல்லை, சான்றிதழில் முதலிடம் இரண்டாமிடமும் இல்லை. முதல் நாள் அது அவளுக்குப் பிடிபடவில்லை, யாரை ஜெயிப்பது என்று தெரியாமல் நின்றாள்.

அவளுக்கு எதிரே உட்கார்ந்தது, சவுதி அரேபியாவுக்காகப் பேசவந்த ஒரு துருக்கிப் பையன். அவள் வரைவின் ஆறாவது பத்தியில் 'இழப்பீடு' என்று இருந்தது. இந்த ஒரு வார்த்தை இருந்தால் எங்கள் நாடு கையெழுத்துப் போடாது, மற்றதெல்லாம் சம்மதம் என்றான் அவன். நான் சுவரோரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். முக்கால் மணி நேரம். கடைசியில் அவள் பென்சிலை எடுத்து அந்த வார்த்தையின் மேல் மெல்லிசாக ஒரு கோடு போட்டாள், மேலே 'இழப்புக்கும் சேதத்துக்குமான நிதி' என்று எழுதினாள். 2022இல் எகிப்தில் நடந்த காலநிலை மாநாட்டில் எல்லா நாடும் ஒத்துக்கொண்ட சொல் அது, சவுதி உட்பட. பையன் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டான். அன்று இரவு அவள் சரியாகச் சாப்பிடவில்லை. "வனுவாட்டுக்காரங்க இருந்திருந்தா அந்த வார்த்தையை விட்டிருப்பாங்களா மிஸ்?" என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை.

மாநாடு முடிந்த மறுநாள் அமைதி அரண்மனைக்குப் போனோம். 1913இல் கட்டிமுடித்த செங்கல் கட்டடம், உயரமான கோபுரம். சர்வதேச நீதிமன்றம் அங்கேதான் இருக்கிறது. இரண்டு மாதம் முன்பு, டிசம்பர் 2 முதல் 13 வரை, வனுவாட்டு கேட்ட கேள்விக்காகத் தொண்ணூறுக்கு மேற்பட்ட நாடுகள் அந்தக் கட்டடத்துக்குள் வந்து வாதாடியிருக்கின்றன. வாசல் கம்பிக் கதவைப் பிடித்துக்கொண்டு குளிரில் நின்றார்கள் பிள்ளைகள், போட்டோ எடுக்கச் சொல்லிக்கூட யாரும் கேட்கவில்லை.

அப்புறம் ஊர் வந்தோம், தேர்வு வந்தது, அடுத்த வகுப்புக்குப் போனார்கள். ஜூலை 23 அன்று நீதிமன்றம் தன் கருத்தைச் சொன்னது, இணையத்தில் நேரலை. நம் நேரம் மாலை ஆறரைக்குத் தொடங்கி இரண்டு மணி நேரம் போல வாசித்தார்கள். நான் அடுப்படியில் போனைச் சாய்த்து வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். கடமையை மீறிய நாடு, பாதிக்கப்பட்ட நாட்டுக்கு முழுமையாக ஈடுசெய்ய வேண்டிவரலாம் என்று சொல்லிக்கொண்டே வந்து, அதன் வடிவங்களில் ஒன்றாக அந்த வார்த்தையையும் வாசித்தார்கள். போன் உடனே அடித்தது.

"மிஸ், கேட்டீங்களா? இழப்பீடுன்னு சொன்னாங்க மிஸ்!"